ஒரு வருட விலையை எழுதியது யார்? பலஆண்டு ஆயுத ஒப்பந்தங்களின் சேமிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில், லாரி நேராக மாடிக்கே ஏறி வரும்படி கட்டிய தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் அந்தப் பட்டறை இருக்கிறது. கணினி கட்டளைப்படி உலோகம் வெட்டும் நான்கு சிஎன்சி மெஷின்கள், எப்போதும் மூக்கில் ஏறும் கூலன்ட் வாடை, சுவரோரம் நீல உறை பிரிக்காத அலுமினியத் தகடுகள். நான் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் கணக்குப் பிரிவில் இருந்தபோது, விமானத்துக்குப் போகும் ஒரு பிராக்கெட்டை அங்கேதான் செய்யக் கொடுத்தோம். பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு அவர் அண்ணன்.

அவரிடம் இரண்டு விலை கேட்டிருந்தோம். ஒரு வருடத்துக்கு மட்டும் ஆர்டர் கொடுத்தால் ஒன்று எவ்வளவு, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு என்று. 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 182 வெள்ளி என்று எழுதி அனுப்பினார். 9 சதவீதம் மிச்சம். அந்த 9 சதவீதம் எங்கள் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஏறியது. மேலிடம் கையெழுத்துப் போட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அந்த 200 வெள்ளி எப்படி வந்துச்சு?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "தம்பி, அஞ்சு வருஷ விலைய உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு வருஷ விலை, நீங்க ஃபாரத்துல கேட்டீங்கன்னு போட்டது. அந்த ஆர்டர் வரப்போறதில்லன்னு எனக்குத் தெரியும்ல?"

அவர் எங்களை ஏமாற்றவில்லை. 182 வெள்ளிக்குச் சொன்னபடி செய்து கொடுத்தார். ஆனால் எங்கள் கோப்பில் இருந்த 9 சதவீதம், யாரும் ஒருநாளும் கொடுக்காத ஒரு விலையிலிருந்து கழித்து எடுத்தது. பல பில்லியன் டாலர் ஆயுத ஒப்பந்தங்களிலும் இதே கேள்விதான் நடுவில் நிற்கிறது என்பது, அவற்றின் ஆவணங்களை அப்புறம் எடுத்துப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த வகை ஒப்பந்தம் பற்றி வெளிப்படையாக விவாதித்து, எழுதி வைத்த நாடு அமெரிக்கா. அங்கே நாடாளுமன்றம் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் ஒதுக்கும். ஆயுதமும் வழக்கமாக ஆண்டு ஆண்டாகவே வாங்கப்படும். பலஆண்டுக் கொள்முதல் அதற்கு ஒரு விதிவிலக்கு. பொதுவாக ஐந்து ஆண்டுத் தேவை வரை ஒரே ஒப்பந்தத்தில் எழுதலாம், ஆனால் பணம் ஆண்டுதோறும்தான் வரும். நடுவில் அரசு நிறுத்தினால், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஓர் உச்சவரம்பு வரை ரத்துக் கட்டணம் கொடுக்க வேண்டும். இதற்கு அனுமதி வாங்கச் சட்டம் பல நிபந்தனைகள் வைக்கிறது: தேவை மாறாமல் இருக்க வேண்டும், வடிவமைப்பு நிலைபெற்றிருக்க வேண்டும், பணம் வரும் என்று நம்பக் காரணம் வேண்டும், விலை மதிப்பீடு நடைமுறைக்கு ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிச்சம் இருக்க வேண்டும். எவ்வளவு மிச்சம்? சட்டத்தில் முன்பு 'கணிசமான' என்று இருந்த சொல், 2016 நிதியாண்டுக்கான சட்டத்தில் 'குறிப்பிடத்தக்க' என்று மாறியது. இரண்டிலும் எண் இல்லை.

மிச்சம் பொய்யல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறையிலேயே அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்த ஒரு ஜிக் செய்ய வேண்டும். ஒரு வருட ஆர்டர் என்றால் அந்தச் செலவை அந்த வருடத்துக் காய்களே, அதாவது அந்த வருடம் செய்யும் பிராக்கெட்டுகளே, சுமக்கும். ஐந்து வருடம் என்றால் ஐந்து மடங்குக் காய்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு முறை மெஷினில் இன்னொரு வேலையை ஏற்றி இறக்கும்போதும் செட்டிங்குக்கு அரை நாள் போகும். இடைவெளி விட்டு ஆர்டர் திரும்பி வந்தால், முதல் காயை ஒவ்வோர் அளவாக அளந்து அறிக்கை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு ஒரு வாரம். தகட்டை ஒரே லாட்டாக வாங்கினால் வியாபாரி விலை குறைப்பார். எல்லாவற்றையும்விட, இரண்டு அனுபவசாலிகளை வேலையில் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று வருடக் கடைசியில் அண்ணன் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு போர்விமானத்தின் விலையில் பெரும்பகுதி, தயாரிப்பாளர் வெளியிலிருந்து வாங்கும் பாகங்கள்தான். அதனால் மிச்சமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு பட்டறைகளில்தான் பிறக்கிறது, பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் இல்லை.

ஆக மிச்சம் உண்டு. எவ்வளவு என்பதுதான் வழக்கு.

எஃப்-22

2006-இல் அமெரிக்க விமானப்படை, எஃப்-22 போர்விமானங்களின் கடைசித் தொகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தமாக வாங்க அனுமதி கேட்டது. ஆண்டுக்கு 20, மொத்தம் 60 விமானம். ஓர் ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்து, சுமார் 225 மில்லியன் டாலர் மிஞ்சும் என்றது. அத்தனை பெரிய திட்டத்துக்கு அது சின்னத் தொகை. மூன்று ஆண்டுதான், அதோடு தயாரிப்பு முடியப்போகிற நேரம்; பாகம் செய்கிறவர் புது மெஷின் வாங்கிப் போட்டால் அந்தக் காசை எப்போது எடுப்பார்? நியாயமான சந்தேகம் எழுந்தது.

அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. மதிப்பீடு செய்த அதே ஆய்வு நிறுவனத்தின் தலைவர், எஃப்-22 திட்டத்துக்குப் பாகம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். அவர் பதவி விலகினார். ஆய்வின் முடிவை மாற்ற அவர் முயலவில்லை என்று விசாரணை சொன்னது. இருந்தாலும், ஒரு வருட விலையை மதிப்பிடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டியதன் அவசியத்தை இதைவிட எப்படிச் சொல்வது?

2007-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ரேண்ட் என்ற இன்னோர் ஆய்வு நிறுவனம், பேசி முடித்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டது. முந்தைய தொகுதிகளுக்கு உண்மையாகக் கொடுத்த விலையை எடுத்து, அதே போக்கில் ஆண்டு ஆண்டாக வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். விடை: சுமார் 411 மில்லியன் டாலர், ஏறத்தாழ 4.5 சதவீதம்.

இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. அதே 60 விமானம், அதே ஒப்பந்தம். ஒரு மதிப்பீட்டில் 225, இன்னொன்றில் 411. ஏறத்தாழ இரண்டு மடங்கு. யாரும் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலஆண்டு விலை ஒன்றுதான், அது தாளில் கையெழுத்தோடு இருக்கிறது. ஒரு வருட விலைதான் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அது நடக்காத ஒன்றின் விலை. நடக்காததை எவ்வளவு திறமையாக மதிப்பிட்டாலும் அது மதிப்பீடுதான்.

எஃப்/ஏ-18இ/எஃப் விமானத்துக்கு முதல் பலஆண்டு ஒப்பந்தத்தில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல், இரண்டாவதில் ஏறத்தாழ 11 சதவீதம் மிஞ்சும் என்று சொன்னார்கள். சி-17 போக்குவரத்து விமானத்துக்கு 1996-இல் 80 விமானத்துக்கான ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது, ஒரு பில்லியன் டாலருக்கு மேல் என்றார்கள். இவையெல்லாம் தொடக்கத்தில் சொன்ன எண்கள்.

முடிந்தபின் என்ன ஆயிற்று? அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ 2008 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. சி-17, எஃப்/ஏ-18இ/எஃப், அப்பாச்சி லாங்போ ஹெலிகாப்டர் ஆகிய மூன்றையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் அலகு விலையும் தொடக்க மதிப்பீட்டைவிட 10 முதல் 30 சதவீதம் ஏறியிருந்தது. கூலி, மூலப்பொருள், மாறிய தேவைகள் என்று காரணங்கள் பல. அப்படியானால் பலஆண்டு ஒப்பந்தம் தோற்றதா? அப்படிச் சொல்ல முடியாது. ஆண்டு ஆண்டாக வாங்கியிருந்தால் 40 சதவீதம்கூட ஏறியிருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லத் தேவையான கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை என்பதுதான் கண்டுபிடிப்பு. எதிர்பார்த்த மிச்சம் கிடைத்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறையான ஏற்பாடே பாதுகாப்புத் துறையில் இல்லை என்று ஜிஏஓ எழுதியது. அனுமதி வாங்கும் நாளில் மிச்சம் பெரிய விஷயம். கையெழுத்துக்கு அப்புறம் அதைத் தேடி யாரும் போவதில்லை. எங்கள் கோப்பும் அப்படித்தான் அலமாரிக்குப் போயிருந்தது. அதனால் அந்த வரிகளைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் இருக்கும் ஒப்பீடு

மின்சாரச் சந்தை சிங்கப்பூர் முழுவதும் திறந்துவிடப்பட்டபோது, நம்மில் பலர் 24 மாத நிலையான விலைத் திட்டத்துக்கு மாறினோம். 2019 மே மாதத்துக்குள் எல்லா வட்டாரத்துக்கும் அது வந்துவிட்டது. அதுவும் ஒரு பலஆண்டு ஒப்பந்தம்தான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு: மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணம் ஒவ்வொரு காலாண்டும் வெளியாகிறது. மாறாமல் இருந்திருந்தால் இந்த மாதம் எவ்வளவு கட்டியிருப்போம் என்று அம்மாவே பில்லை வைத்துக்கொண்டு சொல்லிவிடுவார். மிச்சத்தை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம்.

ஆயுதத்துக்கு அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு விலை கிடையாது. ஓர் ஆலை, ஒரு வாங்குபவர், ஒரு விலை.

அதே மின்சாரக் கதை இன்னொன்றையும் காட்டியது. 2021 கடைசியில் எரிவாயு விலை ஏறியபோது சில விற்பனை நிறுவனங்கள் சந்தையை விட்டே வெளியேறின. நிலையான விலையை நம்பி இருந்தவர்கள் மீண்டும் எஸ்பியிடம் போனார்கள். நீண்ட ஒப்பந்தம் விலையைக் கட்டிவைக்கும், எதிர்த்தரப்பால் சொன்னபடி செய்து கொடுக்க முடியும் என்பதைக் கட்டிவைக்காது. அமெரிக்கக் கடற்படை 2019 டிசம்பரில் ஒன்பது வர்ஜீனியா ரக நீர்மூழ்கிகளுக்கு 22.2 பில்லியன் டாலர் பலஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு இரண்டு கப்பல் என்பது திட்டம். சில ஆண்டுகளாகக் கட்டி முடிவது ஏறத்தாழ 1.2 கப்பல் வேகத்தில்தான். ஆர்டர் உறுதியாக இருந்தும் பற்றவைக்கும் ஆளும் பாகமும் போதவில்லை.

ஒரு கணக்கு

புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை. எந்த உண்மை ஒப்பந்தமும் இல்லை. ஆண்டு ஆண்டாக வாங்கினால் ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி, ஐந்து ஆண்டில் 500. பலஆண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டே பாகங்களை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும், அதனால் முதல் ஆண்டு 140, பிறகு ஆண்டுக்கு 80. மொத்தம் 460. மிச்சம் 40, அதாவது 8 சதவீதம். கோப்பின் முதல் பக்கத்துக்குப் போவது இந்த எண்.

முதலில் காலத்தைச் சேருங்கள். பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறோம், அந்தப் பணம் சும்மா இருந்திருக்காது. ஆண்டுக்கு 4 சதவீத வட்டி வைத்துக் கழித்து, எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஆண்டு ஆண்டாக வாங்குவது 463, பலஆண்டு ஒப்பந்தம் 430.4. மிச்சம் 7 சதவீதமாகிறது. பெரிய அடி இல்லை.

இப்போது என் அண்ணனின் ஃபாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருட விலை 100 இல்லை, உண்மையில் 96-ஆகத்தான் இருந்திருக்கும் என்று வையுங்கள். நான்கே நான்கு சதவீத மிகை. அதுவே மிச்சத்தை 3.2 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறது. இடையில் ரத்தாக 10 சதவீத வாய்ப்பு இருந்து, நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் 50 மில்லியன் ரத்துக் கட்டணம் கொடுக்க நேரலாம் என்றால், அதன் இன்றைய மதிப்பு 4.4 மில்லியன். அதையும் கழித்தால் 2.2 சதவீதம் நிற்கும்.

எட்டிலிருந்து இரண்டு. நடுவில் யாரும் திருடவில்லை. வட்டி கொஞ்சம் எடுத்தது, ரத்து அபாயம் கொஞ்சம் எடுத்தது, பெரும்பங்கை எடுத்தது ஒரு வருட விலையில் இருந்த நான்கு சதவீத மிகை. மதிப்பீட்டாளரின் நேரம் முழுவதும் வட்டி விகிதம் 3-ஆ 4-ஆ என்ற வாதத்திலேயே போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பாதியை ஒரு வருட விலை எங்கிருந்து வந்தது என்று தோண்டச் செலவழித்தால் போதும்.

ரத்து பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டன் 2008-இல் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 2010-இல் புது அரசு வந்து செலவைக் குறைக்கப் பார்த்தபோது, இரண்டாவது கப்பலைக் கட்டி முடிப்பதைவிட நிறுத்துவதற்கு அதிகம் ஆகும் என்று பிரதமரே நாடாளுமன்றத்தில் சொன்னார். கப்பல்கள் வந்தன. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு. முடிவெடுக்கும் உரிமை அந்த 2010 நாளில் அரசின் கையில் இல்லை. அந்த உரிமைக்கும் ஒரு விலை உண்டு, அது மிச்சக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை.

நம் ஊரில்

2025 நிதியாண்டில் சிங்கப்பூர் தற்காப்புக்கு ஒதுக்கியது 23.4 பில்லியன் வெள்ளி. அதில் நம் ஒவ்வொருவரின் பங்கும் இருக்கிறது, தேசிய சேவையில் கொடுத்த இரண்டு ஆண்டும் சேர்த்து. அதனால்தான் இதைத் தமிழில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தேன்.

நாம் வாங்கும் விதம் வேறு. எஃப்-35பி போர்விமானத்துக்கு முதலில் 4 உறுதி, மேலும் 8 விருப்ப உரிமை. அந்த எட்டையும் எடுத்துக்கொள்வதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2024-இல் 8 எஃப்-35ஏ சேர்ந்து, மொத்தம் 20 ஆனது. ஜெர்மனியில் கட்டும் இன்வின்சிபிள் ரக நீர்மூழ்கிகளை 2013-இல் இரண்டு, 2017-இல் இரண்டு என்று வாங்கினோம். மேலும் இரண்டு வாங்கும் திட்டம் 2025-இல் அறிவிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது மொத்தக் கொள்முதல் மிச்சத்தை விட்டுவிடுவது போலத் தெரியும். ஆறு கப்பலையும் 2013-இலேயே சேர்த்து எழுதியிருந்தால் விலை குறைந்திருக்காதா?

குறைந்திருக்கலாம். ஆனால் தொகுதி தொகுதியாக வாங்குவதில் இரண்டு பொருள் கிடைக்கிறது. ஒன்று, மனம் மாற்றிக்கொள்ளும் உரிமை. 20 விமானம் வாங்குகிற நாட்டுக்கு, ஒரு தவறான தேர்வில் ஐந்தாண்டு கட்டுண்டு கிடப்பது நூற்றுக்கணக்கில் வாங்குகிற நாட்டைவிட அதிகம் வலிக்கும். இரண்டாவது, அமெரிக்க ஆவணங்களைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொரு தொகுதியும் ஓர் உண்மையான விலையை விட்டுச்செல்கிறது. 2013-இல் கொடுத்த விலை 2017-இல் மேசைமேல் இருக்கும். 2017-இல் கொடுத்தது அடுத்த பேச்சில் இருக்கும். பலஆண்டு ஒப்பந்தம் அழித்துவிடுகிற அந்த ஒரு வருட விலை, இந்த வழியில் கையிலேயே தங்குகிறது. எஃப்-35 போன்றவற்றில், பல நாடுகளுக்காக அமெரிக்கா பல தொகுதிகளைச் சேர்த்துப் பேசும் விலையோடு நாமும் ஒட்டிக்கொள்ளவும் முடிகிறது.

இதை வைத்து நீண்ட ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குண்டு, ஏவுகணை போன்றவற்றில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. உக்ரேன் போருக்குப் பிறகு அமெரிக்கா பேட்ரியாட் ஏவுகணை, ஜிஎம்எல்ஆர்எஸ் ராக்கெட் போன்றவற்றுக்குப் பலஆண்டு ஒப்பந்தம் தேடியது, சில சதவீத மிச்சத்தைவிட, ஆலைக்காரர் புது வரிசை போடத் துணிய வேண்டும் என்பதற்காகத்தான். வடிவம் மாறாது, தேவை தீராது, கிடங்கு காலியாகக் கிடக்கக் கூடாது. அங்கே அண்ணனின் ஜிக் கணக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். வடிவமைப்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு மிச்சத்தைக் காட்டி ஐந்தாண்டுக் கையெழுத்து கேட்டால்தான் எனக்குக் கவலை.

காக்கி புக்கிட் கணக்கை முடித்துவிடுகிறேன். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தேன். பலஆண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு வருடம் முன்பு, அதே பிராக்கெட்டை ஒரு வருட ஆர்டராக 184 வெள்ளிக்கு வாங்கியிருந்தோம். இன்வாய்ஸ் இருந்தது. அலுமினியமும் கூலியும் ஏறியதைச் சேர்த்தால் 190 வரும். 190-க்கும் 182-க்கும் வித்தியாசம் 8 வெள்ளி, 4.2 சதவீதம். 9 அல்ல, ஆனாலும் உண்மையான மிச்சம். அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு தாளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது சரி தம்பி, இதான் வரும்" என்றார். கோப்பின் முதல் பக்கத்தில் 9-ஐ அடித்து 4.2 என்று எழுதி, பக்கத்தில் அந்த இன்வாய்ஸின் நகலை இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். அடுத்த டெண்டர் ஃபாரத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்ந்தது: இதே பொருளைக் கடைசியாக ஒரு வருட ஆர்டராக எப்போது, என்ன விலைக்கு விற்றீர்கள்?